நூற்றுக்கட்டுக்குள் இருக்கும் பத்துகள்

செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ, உன் மனைவி, நம் வாண்டு மூவரும் நலம்தானே? முதுகுவலிக்கு அந்த ஆபீஸ் நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?

நேற்று போனில் நான் பாதி சொல்லும்போதே "மீட்டிங் இருக்குக்கா" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படி.

எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து உங்கள் தேர்வு அலுவலகம் நடத்திய இரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. என் வகுப்பில் நாலு பேரைத் தவிர மற்ற எல்லோரும் தோல்வி. தோல்வி என்று எழுத மாட்டார்களாம், "துணை தேவை" என்று எழுதியிருக்கிறார்கள். துணை தேவைப்படும் பிள்ளைகளைப் பள்ளியாண்டு முடியும்வரை தனி அறையில் உட்கார வைத்து முதலாம் வகுப்புப் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டுமாம். எங்கள் பள்ளியில் காலியாக இருக்கும் ஒரே அறை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறைதான்.

விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள். ஆறாவது கேள்வி. "347-இல் எத்தனை பத்துகள் உள்ளன?" என் பிள்ளைகள் 34 என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் விடைக்குறிப்பில் 4 என்று இருக்கிறது. அந்தத் தாளோ படிப்படியாகக் கடினமாகும் தாள். ஒரு படியில் தவறினால் அதற்கு மேலே போட்ட எதையும் திருத்த மாட்டார்களாம். மேலே உள்ள கணக்குகளையெல்லாம் பிள்ளைகள் சரியாகப் போட்டிருக்கிறார்கள். 347-ஐ 400 ஆக்க இன்னும் எத்தனை வேண்டும் என்ற கடைசிக் கேள்விக்கு 53 என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். அதன்மேல் சிவப்புப் பேனா படவே இல்லை.

நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். விடுமுறையில் வாண்டு இங்கே இருந்தபோது கூடம் முழுக்க ஐஸ் குச்சியைப் பரப்பி, அழைத்துப்போக வந்த உன்னை நடக்கவிடாமல் செய்தாளே. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட், பத்துக் கட்டைச் சேர்த்தால் ஒரு நூற்றுக்கட்டு. அப்படி 347 குச்சியைக் கையால் கட்டிப் பார்த்த பிள்ளை 34 என்றுதான் எழுதும். அந்த விடைக்குறிப்பைத் தயாரித்த புண்ணியவான் யார் என்று விசாரித்து எழுது. அவரிடம் ரெண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். வாண்டுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா


செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் நலம். நாற்காலியை மாற்றிவிட்டேன், முதுகு பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா இன்னும் சர்க்கரை போட்டுத்தான் டீ குடிக்கிறாரா?

நீ எழுதியதை நிதானமாகப் படித்தேன். விடைக்குறிப்பு தனி ஆள் தயாரிப்பது அல்ல, ஒரு குழு பார்த்து ஒப்புதல் தந்தது. பத்துகள் இடத்தில் இருக்கும் இலக்கத்தைக் குழந்தை கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் கேள்வியின் நோக்கம். பல பயிற்சிப் புத்தகங்களிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். உன் பிள்ளைகள் சொந்தமாக யோசித்தது மகிழ்ச்சிதான். ஆனால் கேட்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு எழுதவும் அவர்களைப் பழக்க வேண்டும். பெரியவர்களானால் அதுதானே உதவும்.

துணை வகுப்பு ஒரு தண்டனை இல்லை. அடுத்த ஆண்டு எல்லாம் சரியாகிவிடும். இதற்காக நீ ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாதே.

வாண்டு நலம். உன்னை அடிக்கடி கேட்கிறாள்.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 19

தம்பிக்கு,

முழங்கால் நன்றாக இருக்கிறது. முழங்காலுக்கு மேலேதான் உடம்பெல்லாம் எரிகிறது. உன் மாமா சர்க்கரையைக் குறைத்துவிட்டார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "உன் தம்பி ஆபீஸ் லெட்டரை வீட்டுக்கு அனுப்பிட்டான் போல" என்றார்.

குழு என்று எழுதியிருக்கிறாய். குழு பேனா பிடித்து எழுதாது. 4 என்று எழுதியது ஒரு ஆளின் கை. அது யார் என்று கேட்டால் மழுப்புகிறாய். பத்துகள் இடத்தில் என்ன இலக்கம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அப்படியே கேட்டிருக்கலாமே, யார் தடுத்தார்கள்? எத்தனை பத்துகள் உள்ளன என்று கேட்டுவிட்டு, உள்ளதையெல்லாம் எண்ணிச் சொன்ன பிள்ளையை முட்டாள் என்று முத்திரை குத்தினால் நான் கைகட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். வாயைத் திறக்கவே மாட்டாள். மற்ற பிள்ளைகள் அவளைப் "பூட்டு" என்று கூப்பிடுவார்கள். பள்ளி திறந்த நாளிலிருந்து அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஜூலையில் ஒருநாள் தரையில் மூன்று நூற்றுக்கட்டு, நாலு பத்துக்கட்டு, ஏழு தனிக்குச்சி வைத்து, "இதுல எத்தனை பத்து இருக்கு?" என்று கேட்டேன். வகுப்பே "நாலு, நாலு" என்று கத்தியது. நானும் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த நூறுக்குள்ளயும் பத்து பத்தா இருக்கே டீச்சர், அத யாரு எண்ணுவா?"

பூட்டுதான். எழுந்து வந்தாள், ஒரு நூற்றுக்கட்டின் கயிற்றை அவிழ்த்தாள், உள்ளேயிருந்த பத்துக்கட்டுகளை வரிசையாக வைத்தாள். மற்ற இரண்டையும் அவிழ்க்கச் சொன்னேன். வகுப்பு முழுக்கச் சுற்றி உட்கார்ந்து எண்ணியது. முப்பத்துநாலு. நான் இத்தனை வருடம் வாங்கிய சம்பளத்துக்கு அந்த ஒருநாள் போதும். அந்தப் பெண்ணைத்தான் இப்போது உடைந்த பெஞ்சு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

தலைமையாசிரியை என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஒன்று சொல். வாண்டும் இரண்டாம் வகுப்புத்தானே? இதே தேர்வைத்தானே எழுதினாள்? அவள் மார்க் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வாண்டுக்குச் சளிப் பிடித்திருந்தது, இப்போது குணமாகிவிட்டது. தேர்வைப் பரவாயில்லாமல் எழுதியிருக்கிறாள்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேள்வித்தாள் பிரிவுக்குத் தலைவராக என் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். டிசம்பருக்குள் முடிவாகிவிடும். இந்த நேரத்தில் உன் பள்ளியிலிருந்து மனு, புகார் என்று எதுவும் வராமல் இருந்தால் நல்லது. நீ என் அக்கா என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

உடனே பேனாவை எடுக்காதே, நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றிலும் நீதான் சரி. விளையாட்டில் விதியை நீ சொல்வாய், சண்டையில் தீர்ப்பையும் நீயே சொல்வாய். உனக்கு ஒரு வகுப்பு, முப்பது பிள்ளைகள். எனக்கு ஒரு லட்சம் விடைத்தாள். ஒவ்வொரு பிள்ளையும் மனதில் என்ன நினைத்தது என்று பார்த்துக்கொண்டிருந்தால் திருத்தி முடியுமா? ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்க முடியும். எங்கள் வேலை அப்படி. தயவுசெய்து டிசம்பர்வரை பொறு.

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

சளி குணமானது கேட்டு நிம்மதி. இங்கே நலத்துக்குக் குறைவில்லை.

ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு விடை 34. தப்பான விடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள்தான்.

பதவி உயர்வா, கிடைக்கட்டும். வேறு எதற்காவது கிடைத்திருந்தால் இந்தத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆனால் நீ டிசம்பர் என்று சுலபமாக எழுதிவிட்டாய். டிசம்பர்வரை என் பிள்ளைகள் அந்த அறையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒன்றிலிருந்து இருபதுவரை புள்ளிகளை இணைத்து வாத்துப் படம் வரைகிறார்கள். நூறைப் பிரித்துப் பார்த்த பிள்ளைகள். அந்த அறைக்கு வேறொரு ஆசிரியரைப் போட்டிருக்கிறார்கள், நான் உள்ளே போகக்கூடாதாம். குச்சி வாளியை மட்டும் கொடுக்கிறேன் என்றேன், பாடத்திட்டத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேற்று பூட்டின் அம்மா வந்திருந்தார். வேன் ஓட்டுகிறவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "எம்புள்ளைக்கு மூளை இல்லையா டீச்சர்? இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. துணை தேவைன்னா என்ன அர்த்தம்?" என்றார். உங்கள் குழுவை அனுப்பு, வந்து அவருக்கு அர்த்தம் சொல்லட்டும். பூட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டுவிட்டாள். வழியில் என்னைப் பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறாள். அவளிடம் சரி என்று சொன்னவள் நான்தானே.

மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

அக்கா

பி.கு. "பரவாயில்லாமல்" என்பது ஒரு மார்க் இல்லை. வாண்டு எவ்வளவு வாங்கினாள்?


நவம்பர் 12

அன்புள்ள அத்தைக்கு

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. மாமா நல்லா இருக்காங்களா. என் குச்சி வாளி நல்லா இருக்கா.

நான் இப்ப துணை வகுப்புல இருக்கேன். அத்தைகிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. நீங்களும் அப்பாகிட்ட சொல்லாதீங்க.

நான் 34 எழுதினேன். அந்தக் கேள்வி அப்பா போட்டதாம். விடையும் அப்பாதான் போட்டாங்களாம். அம்மா சொன்னாங்க. அப்பாவுக்கு ரொம்பக் கோபம். எம்பொண்ணே தப்பா எழுதிட்டாளே, ஆபீஸ்ல சிரிக்கிறாங்கன்னு சொன்னாங்க. 347-இல் 4 பத்துகள் உள்ளன அப்படின்னு நூறு தடவை எழுதச் சொன்னாங்க. எனக்குக் கை வலிச்சுது. பத்து தடவை எழுதி ஒரு கோடு போட்டேன். பத்து கோடு வந்ததும் நிறுத்திட்டேன். அப்பா எப்படி நூறு ஆச்சுன்னு கேட்டாங்க. பத்து பத்து இருக்கு அப்பான்னு சொன்னேன். அதுக்கும் திட்டினாங்க.

அத்தை, நாம எண்ணினது தப்பா?

ஸ்டாம்ப் அம்மா ஒட்டினாங்க.

வாண்டு


நவம்பர் 16

நலம் விசாரிக்கும் மனசில்லை.

உன் மகள் எனக்கு எதுவும் எழுதவில்லை. அப்படித்தான் நீ நினைத்துக்கொள்ள வேண்டும். அவளை ஒரு வார்த்தை கேட்டாய் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் அங்கே வந்து நிற்பேன். அவள் அம்மாவையும் கேட்காதே.

அந்தப் புண்ணியவான் யார் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பேசவிட்டு நீ வேடிக்கை பார்த்திருக்கிறாய். நீ தவறியதற்காக எனக்கு இவ்வளவு ஆத்திரம் இல்லை, தவறாதவர் யார். பெற்ற பெண் சரியாக எழுதினாள் என்று தெரிந்தும், அது தப்பு என்று அவள் கையாலேயே நூறு முறை எழுத வைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மனு என் பையில் இருக்கிறது. அதில் உன் பெயரை நான் எழுதவில்லை. நீயே எழுது.

அக்கா


டிசம்பர் 20

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் தைரியம் இல்லை. இங்கே நலம்.

ஒரு மாதமாக நான்கு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். முதல் இரண்டில் உன்னைத் திட்டியிருந்தேன். மூன்றாவதில் ஆபீஸைத் திட்டியிருந்தேன். நான்காவதை எழுதும்போது வாண்டு பக்கத்தில் வந்து நின்றாள். என் சட்டைப் பட்டன் டப்பாவைக் கொட்டி, "இதுல எத்தனை பத்து இருக்கும்மா, எண்ணிச் சொல்லு" என்றேன். அவள் பட்டனைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் எந்த விடையைச் சொல்லச் சொல்கிறேன் என்று என் முகத்தில் தேடினாள், அக்கா.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போகும்முன் சரிபார்த்தபோது, எனக்குக் கீழே வேலை செய்யும் பெண் கேட்டாள்: "சார், இதுக்கு முப்பத்துநாலுன்னும் எழுதலாமே?" நான் சிரித்துக்கொண்டே, "ரெண்டாங்கிளாஸ் பசங்க அவ்வளவு தூரம் யோசிக்க மாட்டாங்கம்மா" என்றேன். முடிவு வந்த பிறகு என் வீட்டிலேயே ஒருத்தி யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு வந்தது பெருமை இல்லை. பயம். அந்தப் பயத்தை அவள்மேல் காட்டினேன்.

போன வாரம் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். கேள்வி என்னுடையது, விடைக்குறிப்பு தவறு, 34 எழுதியவர்களின் மேல்படிகளைத் திருத்த வேண்டும் என்று. "பழைய தாளெல்லாம் எடுத்துத் திருத்த இங்க ஆள் இல்லப்பா. சின்னப் பசங்க, மறந்துடுவாங்க. நீ ஏன் உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறே?" என்றார். அப்போது எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருந்தால் உன் தம்பி என்று ஒப்புக்கொண்டிருப்பாய். உன் மனுவும் அதே வாரம் வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக மேஜைமேல் வைத்த பிறகுதான் இறங்கி வந்தார்கள். 34 எழுதிய எல்லோருக்கும் ஜனவரியில் மறுதேர்வு. வேறு கேள்வி, குழப்பமில்லாத கேள்வி. அதை நான் தொடவில்லை, அந்தப் பெண் எழுதுகிறாள்.

பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. அதை நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். நேற்று வாண்டிடம் "நீ எழுதினதுதான் சரி, அப்பா எழுதினது தப்பு" என்று சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினாள்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ, உன் மனைவி, வாண்டு மூவரும் நலமாக இருக்க வேண்டும். உன் டிசம்பர் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை. ஆத்திரம் ஆறட்டும் என்று இருந்தேன், பிறகு மறுதேர்வு முடியட்டும் என்று இருந்தேன். நீ எழுதிக் கொடுத்தது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. உன் மாமா கடிதத்தை இரண்டு முறை வாங்கிப் படித்தார்.

முடிவு வந்துவிட்டது. பாதிப் பேர் என் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். வந்ததும் வராததுமாகக் குச்சி வாளிக்குச் சண்டை. மீதிப் பேர் அங்கேயே இருக்கிறார்கள். பூட்டும் அங்கேதான் இருக்கிறாள்.

கேள்வி நன்றாகத்தான் இருந்தது, அந்தப் பெண்ணிடம் சொல். "562 குச்சிகள் உள்ளன. எல்லாவற்றையும் பத்துப் பத்தாகக் கட்டினால் மொத்தம் எத்தனை கட்டுகள் கிடைக்கும்?" இதைவிடத் தெளிவாகக் கேட்க முடியாது. தேர்வுக்கு முந்தின வாரம் அந்த அறை ஆசிரியரிடம் சண்டை போட்டு வாளியை உள்ளே கொண்டுபோயிருந்தேன். பூட்டு நாலு நூற்றுக்கட்டையும் பிரித்து என் கண்முன் நாற்பத்தெட்டு என்று விரலைக் காட்டிக் காட்டி எண்ணினாள். தாளில் 6 என்று எழுதியிருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "ஏன்மா ஆறுன்னு எழுதினே? உனக்குத் தெரியுமே." என் கையிலிருந்த தாளைக் குப்புறத் திருப்பி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"தெரியும் டீச்சர். ஐம்பத்தாறு. ஆனா அவங்களுக்கு ஆறுதானே பிடிக்கும்."

கேட்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு எழுதப் பழக்கச் சொன்னாயே தம்பி, நான் பழக்கவில்லை. அவளே பழகிக்கொண்டாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த அறைக் கதவை ஓங்கிச் சாத்தினேன், தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்துவிட்டது. அதற்கும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

வாண்டு என்ன எழுதினாள்?

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

அவளும் 6.

நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். இந்த முறை தப்பில்லாமல் எழுதிவிட்டேன் அப்பா என்று சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள். தப்பு என்று நூறு முறை எழுத வைத்தவன் நான். சரி என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். அவள் எதை நம்புவாள்?

சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன், ஒரு வாரம் இருப்போம். குச்சி வாளியை எடுத்து வை. நூற்றுக்கட்டை நான் பிரிக்கிறேன், அவள் எண்ணட்டும். பூட்டின் அம்மா எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்றும் கேட்டு வை, அவருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவன் நான்தான். நீ என்னைத் திட்டுவதை மட்டும் வாண்டு தூங்கிய பிறகு வைத்துக்கொள்.

தம்பி